மூடுபனி, மழை, கடைசி பஸ்: நீலகிரியில் மனச்சோர்வோடு ஒரு நாளை ஓட்டுவது (விவாத இழை)

கேத்தி_மேடு:
ஜூனில் கூடலூர், பந்தலூர் பக்கம் மழை பிடிக்கும். அக்டோபர் வந்தால் குன்னூர், கோத்தகிரியின் முறை. அது ஓய்ந்ததும் உறைபனி. மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கிடைக்கிற யோசனை எல்லாம் சமவெளிக்கு எழுதினவை: காலை வெயிலில் நட, கடற்கரைக்குப் போ, நாலு பேரைப் பார். இங்கே விடியற்காலை நடக்கப் போனால் கரடியோ காட்டுமாடோ எதிரே நிற்கும். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போய்விடும். இந்த மலையில் இருந்தபடி செய்ய முடிந்ததை மட்டும் இங்கே சேர்ப்போம். அளவு, நேரம், எந்த இடத்தில் தப்பாகும் என்பது வரைக்கும் எழுதுங்கள். "தைரியமா இருங்க" என்ற பதிலை மட்டும் விட்டுவிடலாம்.

வார்டு_நர்ஸ்:
முதலில் இது மனச்சோர்வுதானா என்று பார்த்துவிடுவோம். நம் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லி ஓ.பி. சீட்டு வாங்குவதில்லை. தலை பாரம், உடம்பு அசதி, நெஞ்சு படபடப்பு, கை கால் எரிச்சல், நரம்புத் தளர்ச்சி என்றுதான் வருவார்கள். கேட்க வேண்டியவை இரண்டு. இரண்டு வாரமாக, நாளின் பெரும்பகுதி மனசு கனத்துக் கிடக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் இப்போது ஒட்டுதல் இல்லாமல் போயிற்றா? இதில் ஒன்றாவது இருந்து, தூக்கம், பசி, களைப்பு, கவனம், பேச்சிலும் நடையிலும் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றோடு சேர்த்து மொத்தம் 5 வந்தால் டாக்டர் அதை மனச்சோர்வாக எடுத்துக்கொள்வார்.

பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசு. 10 தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 20-உம் அதற்கு மேலும் கடுமை. தினமும் போட்டுப் பார்க்காதீர்கள், அது கடந்த இரண்டு வாரத்தைக் கேட்கிற தாள். 2 வாரத்துக்கு ஒரு முறை போட்டு, காலண்டரில் அந்த எண்ணைக் குறித்து வைத்தால் போதும். 9-ஆவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பைப் பற்றியது. அதற்கு 0 தவிர எந்த எண் வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது பேசியாக வேண்டும்.

ரத்தம் பார்க்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), சர்க்கரை, பி12 வைட்டமின். தைராய்டு குறைந்தால் களைப்பு, மந்தம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் வரும். கோவையில் ஒருவர் நடுங்கினால் சந்தேகப்படுவார்கள், ஊட்டியில் நடுங்கினால் யார் கவனிப்பார்கள்? பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயும் இருக்கிறது. வலியும் அசதியும் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. குளிருக்குக் கரிக்கங்கை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது. காலையில் தலைவலி, குமட்டல், எழுந்திருக்க முடியாத பாரம். வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் அப்படி இருந்தால் அது கார்பன் மோனாக்சைடு. உயிர் போகிற விஷயம். கங்கு படுக்கும் அறைக்குள் வரவே கூடாது.

கொழுந்துக்கூடை:
எழுந்திருக்கவே மனசு வராதபோது எந்த யோசனையும் ஏறாது. அந்த முதல் அடியை எப்படி வைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

குறிஞ்சி_ஆலோசனை:
மனசு வரட்டும் என்று காத்திருப்பதில்தான் சிக்கல். மனச்சோர்வில் ஆசை முன்னால் வராது. செய்த பிறகுதான் வரும், அதுவும் முதல் சில நாள் வராது. படுத்தால் கொஞ்சம் நிம்மதி, அதனால் மறுபடி படுப்போம். படுக்கப் படுக்க வேலை குவியும், ஆள் முகம் பார்ப்பது குறையும், மனசு இன்னும் இறங்கும். இந்தச் சுழலை வெட்டுவதற்கென்றே ஒரு சிகிச்சை முறை 1970-களிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. தமிழில் "செயலைத் தூண்டும் சிகிச்சை" என்று சொல்லலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் 3 நாள் எதையும் மாற்ற வேண்டாம். எழுந்ததிலிருந்து படுக்கும் வரை 2 மணி நேரத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். "8 முதல் 10: படுத்திருந்தேன், போன் பார்த்தேன்." பக்கத்தில் மனசுக்கு 0 (ஒரே இருட்டு) முதல் 10 (நல்ல தெளிவு) வரை ஒரு எண். 3 நாள் எழுதினால் ஒன்று புலப்படும்: எல்லா மணி நேரமும் ஒரே இருட்டு இல்லை. அடுப்படியில் யாரோடோ நின்ற அரை மணி 3 இருக்கும், படுத்திருந்த 2 மணி 1 இருக்கும். அந்த வித்தியாசம்தான் நமக்குத் தேவை.

4-ஆம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 3 காரியம் மட்டும். ஒன்று உடம்புக்கு, ஒன்று வீட்டுக்கோ தோட்டத்துக்கோ, ஒன்று முன்பு பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் மணி குறித்து வையுங்கள். "காலையில் பார்க்கலாம்" என்று எழுதக் கூடாது, "9:15" என்று எழுத வேண்டும். அளவைச் சுருக்குங்கள், வெட்கப்படும் அளவுக்குச் சுருக்குங்கள். "தோட்டத்துக்குப் போவது" என்பது காரியமே இல்லை, அது ஒரு மலை. ஒரு நிரையில் பத்துச் செடி கொழுந்து எடுப்பது காரியம். துணி துவைப்பதும் அப்படித்தான். மழை மாதத்தில் துணி காயாது, குவியல் குவியலாக நிற்கும், அதைப் பார்த்தே ஆள் மறுபடி படுத்துவிடுவார். இன்று இரண்டு துணி, அதற்கு மேல் இல்லை. குளியலும் அதே கணக்கு. உறைபனிக் காலத்தில் தினமும் தலைக்குக் குளிக்கத் திட்டம் போட்டால் 2-ஆம் நாளே உடையும். வெந்நீரில் முகம், கை, கால் தினமும். முழுக் குளியல் வாரம் இரண்டு நாள், மதியம் 12-க்கு மேல் என்று வையுங்கள்.

செய்து முடித்ததும் இரண்டு எண் போடுங்கள். "செய்து முடித்தேன் என்ற நிறைவு எவ்வளவு?" ஒன்று, "பிடித்திருந்தது எவ்வளவு?" இன்னொன்று. முதல் வாரம் பிடித்தது 0-ஆகவும் நிறைவு 2-ஆகவும் இருந்தால் அது தோல்வி இல்லை. இரண்டாவது எண் நகர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

தப்பு நடக்கிற இடத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அன்றைக்குத் தேங்கின எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று காலை முதல் இரவு வரை உழைப்பார்கள். மறுநாள் எழ முடியாது, "பார்த்தாயா, என்னால் முடியாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நல்ல நாளிலும் அந்த 3 காரியம்தான். கூட்டுவதென்றால் வாரத்துக்கு ஒரு காரியம். அடுத்த தப்பு, மூன்றையும் கடமையாகவே போடுவது. கடன்காரருக்குப் போன் செய்வது, பாத்திரம் தேய்ப்பது, சங்கத்துக்குப் போவது, இப்படியே போனால் நாள் தண்டனை ஆகிவிடும். பிடித்தது என்று ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், ரேடியோவில் இரண்டு பாட்டு என்றாலும் சரி.

எல்லநள்ளி_பாலம்:
ஒரு சந்தேகம். "எந்திரிச்சு வேலையைப் பாரு, எல்லாம் சரியாயிடும்" என்றுதானே வீட்டில் திட்டுகிறார்கள்? அதையே நோட்டுப் போட்டுச் செய்யச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

குறிஞ்சி_ஆலோசனை:
நல்ல கேள்வி அண்ணா. திட்டுகிறவர் முழு வேலையையும் கேட்கிறார், அதுவும் இப்போதே, தன் கணக்குப்படி. இங்கே அளவை நோயாளிதான் முடிவு செய்கிறார், கால் பங்கு செய்தாலும் எழுதி வைக்கிறார். காரியம் நடக்கவில்லை என்றால் ஆளைக் குறை சொல்வதில்லை, காரியத்தைப் பாதியாக வெட்டுகிறோம். பத்துச் செடி முடியவில்லையா, நாளைக்கு நாலு செடி. நாலும் முடியவில்லையா, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை. இதிலேயே இரண்டு வாரம் நின்றுவிட்டால் நோட்டு மட்டும் போதாது, டாக்டரிடம் போக வேண்டிய நிலை அது.

கேத்தி_மேடு:
வெளிச்சம் பற்றி? மூடுபனியால்தான் மனசு இறங்குகிறது என்று இங்கே பலரும் சொல்கிறார்கள்.

வார்டு_நர்ஸ்:
பாதி சரி. குளிர்காலத்தில் பகல் வெகுவாகச் சுருங்கும் வடநாடுகளில் பருவம் சார்ந்த மனச்சோர்வு அதிகம். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகை. ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அதனால் பனியின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு, வெயில் வந்தால் சரியாகும் என்று மார்ச் வரை காத்திருக்கக் கூடாது. பனி செய்வது வேறு: நம்மை உள்ளே உட்கார வைக்கிறது, நாலு பேர் முகத்தை மறைக்கிறது.

வெளிச்சத்தின் கணக்கு இது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். டியூப்லைட் போட்ட அறையில் 100 முதல் 300 லக்ஸ். மேகம் கவிந்த பகலில்கூட வெளியே பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அதனால் வெயில் வரட்டும் என்று பார்க்க வேண்டாம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வாசல் திண்ணையிலோ ஷீட் போட்ட வராண்டாவிலோ 30 நிமிடம் உட்காருங்கள். கம்பளி, குல்லாய், கையில் டீ. ஜன்னலோரம் உட்காருவது இரண்டாம் பட்சம்தான். 10,000 லக்ஸ் விளக்கு விற்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இருதுருவ மனநோய் (மனச்சோர்வும் அபார உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களுக்கு அது மனசை மறுபக்கம் ஏற்றிவிடலாம், கண் நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது.

நடையை விடியற்காலையிலோ இருட்டின பிறகோ வைக்காதீர்கள். காலை 9-க்கு மேல், பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் நடமாடும் ரோட்டில் நடப்பது மேல். மழை கொட்டினால் எஸ்டேட் லயன் வீடுகளின் முன் ஓடும் திண்ணையே போதும்: 10 நிமிடம் காலை, 10 நிமிடம் மாலை. வாரத்தில் 5 நாள் 30 நிமிடத்துக்குக் கொண்டுவருவது இலக்கு, முதல் வாரத்துக்கு 10 நிமிடமே நிறைய. நாள் முழுக்க ஏற்ற இறக்கத்தில் கூடை சுமப்பவர்களுக்கு இந்த நடை தேவையில்லை. அவர்களுக்குக் குறைவது ஓய்வும் பேச்சுத் துணையும்.

கொழுந்துக்கூடை:
தூக்கம்?

வார்டு_நர்ஸ்:
படுக்கும் நேரத்தை விட எழும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை 6:30 என்றால் 6:30, ஞாயிறும் சேர்த்து. பகல் தூக்கம் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மதியம் 3-க்குப் பிறகு வேண்டவே வேண்டாம். குளிருக்குக் கட்டிலில் கம்பளிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது, போன் பார்ப்பது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம். அப்படி இருந்தால் கட்டில் தூங்கும் இடம் என்பதை உடம்பு மறந்துவிடும். பகலில் நாற்காலி, இரவில் கட்டில்.

இரவு 20 நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார வேண்டும் என்பது விதி. 8 டிகிரி குளிரில் யார் எழுவார்கள்? அதனால் படுப்பதற்கு முன்பே நாற்காலியில் இரண்டாவது கம்பளி, காலுறை, பிளாஸ்கில் வெந்நீர் வைத்துவிடுங்கள். மங்கலான விளக்கில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பப் படுக்கலாம். மணியைப் பார்க்கக் கூடாது.

டீ விளையும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம். குடித்த டீயில் உள்ள காஃபினில் பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். மதியம் 2-க்குப் பிறகு சுக்குமல்லி. சாராயமும் தூக்க மருந்து இல்லை. முன்னிரவில் அமுக்கும், பின்னிரவில் 2, 3 மணிக்கு எழுப்பிவிடும், காலையில் மனசு இன்னும் கீழே கிடக்கும். தினமும் நிறையக் குடிப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

மருந்துச்சீட்டு:
மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன். எது, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு. வாங்கிப் போனவர்கள் ஏன் பாதியில் விடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

மிதமான, கடுமையான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதுவது செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளூஆக்ஸடின் போன்றவை. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, படபடப்பு வரலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுசாகத் தெரிய 6 முதல் 8 வாரம். தொந்தரவு முதலில், பலன் பின்னால். அதனால்தான் 5-ஆம் நாள் "இது ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். முதல் வாரங்களில் 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் தற்கொலை நினைப்பு கூடலாம், வீட்டில் ஒருவர் கூடவே கவனித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தேறினதும் நிறுத்திவிடுவது. தேறின பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், முன்பும் வந்திருந்தால் இன்னும் நீளும். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி வெட்டல் வரலாம். அடிமையாகிவிட்டோம் என்று பயப்பட வேண்டாம், அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது, தாமதம். ஆண் பெண் இருவருக்கும் வரும். சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைத் திருத்தவோ டாக்டருக்கு வழி உண்டு. சொல்லாமல் மாத்திரையை ஜன்னல் வழியே எறிவதில்தான் நஷ்டம்.

டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: தூக்கமே இல்லாமல் அபார உற்சாகத்தோடு, பணத்தை வாரி இறைத்துச் சில நாள் திரிந்த காலம் முன்பு உண்டா? உண்டென்றால் இது இருதுருவ நோயாக இருக்கலாம், இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அந்தப் பக்கம் தூக்கி எறியும். முதுகுவலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் போடுகிற பழக்கம் உண்டா? எஸ்டேட் பக்கம் இது சாதாரணம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். டிரமடால் என்ற வலி மாத்திரை என்றாலும் சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் வந்தால் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும்.

அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்க வேண்டாம். சில வாரத்திலேயே அது இல்லாமல் தூங்க முடியாது என்றாகிவிடும், மனச்சோர்வு அப்படியே கிடக்கும்.

எல்லநள்ளி_பாலம்:
சத்து ஊசி? வாரம் ஒன்று போட்டுக்கொண்டால் தெம்பு வரும் என்கிறார்களே.

மருந்துச்சீட்டு:
பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் அதற்குப் பலன் உண்டு. குறைவே இல்லாதவருக்கு அதனால் பலன் இல்லை. அந்தக் காசைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்துக்கூடை:
வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் எழுதுங்கள். கோபமும் வருகிறது, பயமும் வருகிறது அவர்களுக்கு.

குறிஞ்சி_ஆலோசனை:
"உனக்கு என்ன குறை?" என்று கேட்காதீர்கள். குறை இல்லாமலும் வரும் நோய் இது. "சாப்பிட்டாயா?" என்று தூரத்திலிருந்து கேட்பதை விட ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். முழுச் சாப்பாடு இறங்காது. அரைத் தட்டு உப்புமா, ஒரு முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை, நாளைக்கு 3 வேளை, நேரம் தவறாமல். "என்ன வேண்டும் சொல்" என்று தேர்வை அவர்களிடம் தள்ளாதீர்கள், முடிவெடுக்கிற சக்தியைத்தான் நோய் முதலில் தின்கிறது. "டீயா, சுக்குமல்லியா" என்று இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள். ஹெத்தையம்மன் பண்டிகை, கல்யாணம், கருமாதி மாதிரி ஊர் கூடும் இடங்களுக்கு முழு நாளும் இழுத்துப் போக வேண்டாம். அரை மணி இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று முன்பே பேசிக்கொண்டு போனால் வருவார்கள். சாமி பார்ப்பது, மந்திரிப்பது எதையும் தடுக்கத் தேவையில்லை, மாத்திரை நிற்காமல் இருந்தால் சரி.

பச்சைத் தேயிலை விலை இறங்கிய மாதங்களில் கடன் பேச்சு வீட்டில் நாள் முழுக்க ஓடும். அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வெளிச்சமான பகலில், தாளில் எழுதிப் பேசுங்கள். இரவு 9 மணிக்குப் பேசின கடனுக்கு யாரும் வழி கண்டதில்லை.

சாவைப் பற்றி நேராகக் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டதும் பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்து, சாவியை வேறொரு வீட்டில் கொடுத்துவிடுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிகிற அலை, கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பதே உயிர் காக்கும். மாத்திரையையும் வாரத்துக்கு ஒரு முறை எண்ணிக் கொடுங்கள். 14416-க்குக் கூப்பிடலாம்: 24 மணி நேரமும், தமிழில், கட்டணமில்லாமல் பேசுவார்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. எதையாவது குடித்துவிட்டார் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108.

எல்லநள்ளி_பாலம்:
போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்றுதான் நிறையப் பேர் மறைக்கிறார்கள்.

வார்டு_நர்ஸ்:
2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் பொறுப்பு. அதே சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். எஸ்டேட்டுக்கோ ஊருக்கோ ஆஸ்பத்திரி சொல்லாது.

போக வேண்டிய இடம் என்றால், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் ஊட்டிக்கு வெளியே எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டால் ஊட்டி வரை அலைய வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசு இல்லை. போகும்போது பழைய சீட்டு, மாத்திரை அட்டை, அந்த நோட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு நேரம் குறைவு. 2 வார எண்ணைக் காட்டினால் 10 நிமிடப் பேச்சு மிச்சம்.

கேத்தி_மேடு:
மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால், இல்லை மாத்திரை ஒரு வேளை விட்டுப்போனால்?

மருந்துச்சீட்டு:
ஜூன் தொடங்கும் முன்பும் அக்டோபர் தொடங்கும் முன்பும் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி 10 நாள் மாத்திரை கூடுதலாகக் கேளுங்கள். சாக நினைப்பு உள்ளவர் வீட்டில் அந்தக் கூடுதலை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் 7 நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கக் கிளம்புங்கள், கடைசி மாத்திரை வரை காத்திருக்காதீர்கள். அலமாரியில் ஈரம் ஏறும், அதனால் அட்டையிலிருந்து பிரிக்காமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஒரு வேளை மறந்தால் அதே நாளில் நினைவு வந்ததும் போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு அன்றைய மாத்திரை மட்டும். இரண்டாகப் போடக் கூடாது.

கொழுந்துக்கூடை:
நோட்டு வாங்கியாயிற்று. நாளை காலை 6:30-க்கு முதல் வரி.